எட்டாம் வேற்றுமை

தமிழில் வேற்றுமை எட்டு என்பது நம் கல்லூரியில் இலக்கணம் பயின்ற எவரும் அறிந்ததே. எழுவாய் தொடங்கி ஏழாம் வேற்றுமை ஈறாக உள்ளவற்றை உருபும் பொருளுமாக ஒருவாறு மனத்திருத்தும் மாணாக்கர், எட்டாவதாகிய விளி வேற்றுமையை அடைந்ததும் ஏட்டை மூடிவிடுதல் வழக்கம். அதற்கெனத் தனியுருபு இல்லை. பரீட்சையில் வினா வருதலும் அரிது. படர்க்கைப் பெயரை முன்னிலையாக்கி அழைத்தல் என ஒரு வரி எழுதினால் இரண்டு புள்ளி கிடைத்துவிடும். தொல்காப்பியர் அதனை அத்துணை எளிதாகக் கருதினாரல்லர். வேற்றுமை ஏழெனத் தொடங்கி, விளியொடு சேர்த்து எட்டாக்கி, வேற்றுமையியலும் வேற்றுமை மயங்கியலும் முடிந்தபின் அவ்விளிக்கென்றே விளிமரபு என்னும் தனியியலொன்றை வகுத்துச் சென்றார். ஒருவரை ஒருவர் அழைத்தலுக்கு ஓரியல் முழுவதும் வேண்டுமோ என மாணாக்கர் எம்மை வினாவுவதுண்டு. வேண்டும் என்பதே எமது விடை. அதற்குரிய காரணத்தை இலக்கண நூலுள் மட்டுமன்றி, இன்று நம் இல்லங்களுள்ளும் காணலாம்.

இம்மலரை வாசிப்போருட் பெரும்பாலார் இன்று தந்தையராயும் பேரர் கண்ட பாட்டன்மாராயும் உள்ள பழைய மாணவர். அவர்தம் சட்டைப் பையில் இருக்குங் கைத்தொலைபேசியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். பிள்ளைகளின் கையில் அதனைக் கொடுத்தல் தகாது என்பதுபற்றிப் பலரும் பேசுகின்றனர். பெற்றோர் கூட்டந்தோறும் அது கூறப்படுகின்றது. உலகச் சுகாதார நிறுவனமும், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு அது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தின் மேற்படலாகாதென்றும் 2019 ஆம் ஆண்டில் வழிகாட்டியிருக்கின்றது. எமது பொருள் அதுவன்று. பெற்றோர் கையிலுள்ள கருவி, அதனைத் தொடாத குழந்தைக்கு யாது செய்கின்றது என்பதே எமது பொருள்.

குழந்தை முதலிற் பேசுஞ் சொல் எவ்வேற்றுமையைச் சார்ந்தது? "அம்மா" என்னுஞ் சொல்லை நோக்குக. அஃது அம்மை என்னும் பெயரின் விளி. அப்பன் அப்பா ஆனதும், அக்கை அக்கா ஆனதும், அண்ணன் அண்ணா ஆனதும், மாமன் மாமா ஆனதும் விளியினாலேயே. "அம்மா வந்தா", "அப்பா போட்டார்" எனப் படர்க்கையில் வைத்துப் பேசும்போதும், நாம் விளி வடிவத்தையே எழுவாயாக்கிப் பேசுகின்றோம். அம்மையும் அப்பனும் கோயிலிலும் ஏட்டிலும் நிலைபெற, அழைத்த வடிவமே வீட்டிற் பெயராக நின்றுவிட்டது. மழலை வாயிலிருந்து வரும் அழைப்புக்கு இம்மொழியில் இருந்துவரும் மதிப்பு இதனாற் புலனாகும். ஏனைய வேற்றுமைகளைக் குழந்தை பின்னரே கற்கின்றது; எட்டாவதை முதலிற் கற்கின்றது.

ஏனைய வேற்றுமைகள் கேட்பார் இல்லாவிடத்தும் பொருள் குன்றா. "கண்ணன் குதிரையை ஓட்டினான்" என்பதைச் சுவரில் எழுதிவைத்தாலும் அது நிறைந்த வாக்கியமே. விளியோ, எதிரில் ஒருவர் இருந்து, திரும்பிப் பார்த்து, "என்ன ராசா?" என்றபோதே நிறைவுறும். விளியின் வேறுபாடுகளை நன்னூலார் வகுத்தமை பெரிதும் வியக்கத்தக்கது. அண்மையிலுள்ளாரை அழைக்குங்கால் பெயர் இயல்பாயும் ஈறு கெட்டும் வரும். சேய்மையிலுள்ளாரை அழைக்குங்கால் அளபெடுக்கும். புலம்பலில் ஓகாரம் பெறும் என்பது அவர் கொள்கை. இம்மூன்றும் மூன்று வேறு நிலைமைகட்கு உரியன. ஆயின் இன்று இம்மூன்றனையும் ஒரே கதிரையின் அருகே ஒரு நிமிடத்துள் கேட்டல் கூடும்.

தாய் கதிரையில் அமர்ந்து கைத்தொலைபேசியை நோக்கிக்கொண்டிருக்கின்றாள். மூன்று வயது மகன் முற்றத்து மணலைச் சிரட்டையில் அடைத்துப் புட்டவித்துக் கொண்டு வருகின்றான். "அம்மா" என்கின்றான், இஃது இயல்பு விளி. "ஓம்" என்கின்றாள் தாய். கண் திரையிலேயே உள்ளது. (யாழ்ப்பாணத்தார் உடன்பாட்டுக்கு வழங்கும் இச்சொல், கேளாமையைக் குறிக்கவும் வழங்கத் தலைப்பட்டமை பிரணவத்துக்கு நேர்ந்த இழுக்கேயாம்.) "அம்மாஅ, புட்டு" எனப் பிள்ளை அளபெடுக்கின்றான். "கொஞ்சம் பொறு அப்பன்" என்று விடை வருகின்றது. தாயின் மடியிற் கைவைத்து நிற்கும் பிள்ளை அவளைச் சேய்மை விளியால் அழைக்கின்றான் என்பதை நோக்குக. இடத்தால் அவள் அண்மையள், கருத்தாற் சேய்மையள். அவ்வுண்மையை அக்குழந்தையின் அளபெடை வழுவாது அளந்து காட்டுகின்றது. மூன்றாவதாகச் சிரட்டை நிலத்தில் எறியப்படுகின்றது, புலம்பல் எழுகின்றது. அப்போதுதான் தாயின் முகம் நிமிர்கின்றது. நிமிர்ந்த முகத்திற் சினமிருக்கின்றது. பிள்ளை அடம்பிடிக்கின்றான் என்று அயலாருக்குக் கூறப்படுகின்றது. அவன் இலக்கணப்படியே ஒழுகினான் என்பது எமது கருத்து.

இதனைச் சோதனை வாயிலாக உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வேட் ட்ரொனிக் ஆவர். அவரும் அவர்தம் உடனாய்வாளரும் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு "அசையா முகம்" என்னும் பெயராற் பெரிதும் அறியப்பட்டது. தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையின் முன் அமர்ந்து வழமைபோற் கொஞ்சி விளையாடுகின்றாள். பின்னர்ச் சிறிது நேரம் முகத்தில் எவ்வித மெய்ப்பாடும் இன்றி, வாய் திறவாது, குழந்தையை நோக்கியவாறே இருக்கின்றாள். குழந்தை முதலிற் புன்னகை செய்கின்றது; அதற்கு எதிர்ப்புன்னகை வாராமை கண்டு கைகளை நீட்டுகின்றது; குரலெழுப்புகின்றது; மீண்டும் மீண்டும் முயல்கின்றது. ஈற்றில் முகத்தை அப்பால் திருப்பிச் சோர்கின்றது, அன்றி அழுகின்றது. தாய் பழையபடி முகமலர்ந்து பேசத் தொடங்கியபின்னும் குழந்தை உடனே பழைய நிலைக்கு மீள்வதில்லை. எல்லாம் சில நிமிடங்களுள் நிகழ்ந்து முடிவன. சொல்லொன்றும் அறியாத பருவத்திலேயே குழந்தை விடையை எதிர்நோக்குகின்றது என்பதும், விடை வாராதவிடத்து அதனை உணர்கின்றது என்பதும் இதனாற் பெறப்பட்டன.

அச்சோதனையில் தாயின் கண்ணாயினும் குழந்தையின்மேல் இருந்தது. இன்று அதுவும் இல்லை. 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓராய்வில், ஏழு திங்கள் முதல் இருபத்துமூன்று திங்கள் வரையுள்ள குழந்தைகளின் முன் தாய்மாரைக் கைத்தொலைபேசி நோக்கியவாறு இருக்கச் செய்து, ட்ரொனிக்கின் முறையையே பின்பற்றிப் பார்த்தனர். குழந்தைகளின் மகிழ்ச்சி குன்றியது, வருத்தம் மிகுந்தது. வீட்டிலும் கைத்தொலைபேசியை மிகுதியாகக் கையாள்வதாகக் கூறிய தாய்மாரின் குழந்தைகள், தாய் மீண்டும் விளையாட வந்தபோது மற்றையோர் போல் எளிதில் மீளவில்லை என்பதும் அதிற் காணப்பட்டது. சிலர் கருதுவதுபோற் குழந்தைக்கு இது பழகிப்போவதில்லை என்பதே இதனால் எமக்குப் படுவது.

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் இதனைக் கண்டோருளர். பொஸ்ரன் பகுதியிலுள்ள உணவுச்சாலைகளிற் சிறு பிள்ளைகளோடு உண்ண வந்த 55 பேரை மருத்துவர் ஜெனி ரடெஸ்கியும் குழுவினரும் அயலிலிருந்து கவனித்து 2014 ஆம் ஆண்டில் எழுதினர். 40 பேர் உண்ணும்போது கருவியைக் கையாண்டனர். அவருள் 16 பேர் உணவுவேளை முழுவதும் ஏறக்குறைய இடைவிடாது அதிலேயே ஆழ்ந்திருந்தனர். அங்ஙனம் ஆழ்ந்திருந்தோர், பிள்ளை மீண்டும் மீண்டும் அழைத்துக் குழப்பஞ் செய்தபோது கடிந்து விடையிறுத்தமையும் அவர்கள் குறிப்பிற் காணப்படுகின்றது. கதிரையருகே யாம் காட்டிய சிரட்டைப் புட்டும் அவ்வுணவுச்சாலை உணவும் வேறுவேறல்ல.

"எங்கள் காலத்தில் அப்பா பேப்பர் வாசித்தார், அம்மா வானொலி நாடகம் கேட்டா, நாங்கள் கெட்டா போனோம்?" என வினாவுவோர் உளர். வினா தக்கதே. பெற்றோர் பகல் முழுவதும் பிள்ளையின் முகத்தையே நோக்கியிருந்த காலம் ஒன்று இருந்ததில்லை. நெற்குத்தியும் புகையிலைத் தோட்டத்துக்கு நீரிறைத்தும் வாழ்ந்தோர்க்கு அதற்கு ஓய்வேது? எனினும் வேறுபாடுண்டு. பத்திரிகை விரிந்து கிடப்பது, தந்தை யாது செய்கின்றார் என்பது பிள்ளைக்குத் தெரியும், படத்தைச் சுட்டி "இதார்?" என்று கேட்கவும் முடியும்; கடைசிப் பக்கம் வந்ததும் அது முடியும். உலக்கை பிடித்த தாய் என்ன செய்கின்றாள் என்பதும் வெளிப்படை. அவள் வாயும் செவியும் பிள்ளைக்கு உரியனவாயிருந்தன. கைத்தொலைபேசிக்குக் கடைசிப் பக்கம் இல்லை. அதில் தாய் வங்கிக் கணக்குப் பார்க்கின்றாளோ, மரண அறிவித்தல் வாசிக்கின்றாளோ, பிறர் ஆடுவதைப் பார்த்திருக்கின்றாளோ என்பது குழந்தைக்குத் தெரியாது. எப்பொழுது மணியடிக்கும் என்பதும் தெரியாது. குழந்தை பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவே அது தானாக வந்து பேச்சைப் பறிக்கின்றது. பத்திரிகை ஒருபோதும் தானாகக் கூப்பிட்டதில்லை.

வாக்கியத்தின் நடுவே பறித்தலால் விளைவதென்ன? தமிழாசிரியராகிய எமக்கு எல்லாவற்றினும் மேலாகப் பொருட்படுவது இவ்வினாவே. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓராய்வு இதற்கு விடை தருகின்றது. இரண்டு வயதுக் குழந்தைகளையும் அவர்தம் தாய்மார் 38 பேரையும் அழைத்து, முன்பின் கேட்டறியாத இரண்டு வினைச்சொற்களைத் தாய்மாரைக் கொண்டே கற்பிக்கச் செய்தனர். ஒரு சொல்லைக் கற்பிக்கையில் இடையூறில்லை. மற்றதைக் கற்பிக்கையிற் கைத்தொலைபேசி மணியடித்தது. தாய் சிறிது நேரம் பேசிவிட்டு மீண்டும் கற்பித்தாள். இரண்டு சொற்களையும் குழந்தைகள் கேட்ட தடவைகள் சமமானவையே. ஆயினும் இடையூறின்றிக் கற்பித்த சொல்லைக் குழந்தைகள் கற்றனர். இடையே அறுபட்டதைக் கற்கவில்லை. சொல் செவியில் விழுந்தாற் போதும் என்பாரது கொள்கை இதனால் வீழ்ந்தது.

மற்றொன்றுங் கூறுதும். சியாற்றில் நகரிற் பற்றீசியா கூல் என்னும் அறிஞர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது திங்கட் பருவத்து அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்பிக்கப்பட்டது. ஒரு பகுதியாருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் வந்து பன்னிரண்டு முறை கதை சொல்லி விளையாடினர். மற்றொரு பகுதியாருக்கு அதே மனிதரின் அதே பேச்சு திரையிற் காட்டப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பகுத்தறிந்தனர். திரையிற் கேட்டோர் அறிந்திலர். குழந்தை அழ, "இதைப் பார்" என்று யூரியூப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தாம் வேறொரு கருவியை நோக்கும் பெற்றோர், தமிழ்ப் பாட்டுத்தானே ஓடுகின்றது என அமைதி கொள்ளற்க.

ஈண்டு யாழ்ப்பாணத்தார்க்கே உரிய செய்தியொன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அகரம் சேய்மைச் சுட்டு, இகரம் அண்மைச் சுட்டு, உகரம் இடைமைச் சுட்டு. தமிழகப் பேச்சு வழக்கில் உகரச் சுட்டு பெரும்பாலும் மறைந்தது. நம்மிடையே அஃது உயிரோடுள்ளது. உது, உவன், உங்கை என நாள்தோறும் வழங்குகின்றோம். உது என்பது வெறும் நடுத்தூரத்தைக் குறிப்பதன்று. கேட்பவர் பக்கத்திலுள்ளதை, அவர் கையிலிருப்பதை, இருவர் கண்ணும் சென்று தங்கும் பொருளை நாம் உது என்போம். ஆதலின் அச்சொல்லைப் பிழையின்றி வழங்கக் குழந்தைக்குத் தூரம் மட்டும் தெரிந்தாற் போதாது. எதிரிலிருப்பவர் எங்கே நிற்கின்றார், எதனை நோக்குகின்றார் என்பதும் தெரிதல் வேண்டும். குழந்தை தாயின் கண் சென்ற வழியே தன் கண்ணைச் செலுத்தக் கற்பது முதலாண்டிலேயே தொடங்குகின்றது என 1975 ஆம் ஆண்டில் ஸ்கேய்ஃப், புறூனர் என்னும் இருவர் எழுதினர். ஓராண்டளவிற் சுட்டுவிரல் நீள்கின்றது. அவ்விரலே குழந்தையின் முதற் சுட்டெழுத்து எனலாம். தாயின் கண் கைத்தொலைபேசியில் இருந்தால் அக்கண் வழியே சென்ற குழந்தை காண்பது யாது? கருவியின் முதுகுப்புறம் மட்டுமே.

நல்லூர்த் தேர்த்திருவிழாவன்று வீதியில் நின்று பாருங்கள். தந்தையின் தோளில் இருக்கும் பிள்ளை தேரிற் பூட்டிய குதிரையுருவைச் சுட்டி, "அப்பா, உங்கை குதிரை" என்கின்றது. தந்தை தேரைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்கின்றார்; பிள்ளையின் குரலும் அதிற் பதிவாகின்றது; விடைமட்டும் பதிவாவதில்லை. அப்பதிவை அவர் வீட்டிற் போட்டுப் பார்ப்பாரோ என்பதும் ஐயமே. ஆரம்பப் பிரிவிற் கற்பிப்போர் சிலர், முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளைகளுட் சிலர் நாவில் அதுவும் இதுவுமே வருகின்றன, உது வருவதில்லை என்று கூற அண்மையில் யாம் கேட்டதுண்டு. திரையிற் பேசும் தமிழில் அச்சொல் இல்லை. அது வீட்டில், இருவர் ஒன்றை நோக்கும்போது மட்டுமே கைமாறும் சொல். ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்த அச்சொல் நம் காலத்தில் நின்றுவிடுமோ என்பது எமது அச்சம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமே சான்று. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழும் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் பாடநூலாக நமக்கு அறிமுகமானவை. அவற்றின் கற்பனையையும் அணியையும் வியந்து செல்லும் நாம், அவற்றின் இலக்கண அமைப்பை நோக்குவதில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பன இருபாற்கும் பொதுவான ஏழு பருவங்கள். காப்புப் பருவத்திற் காக்குமாறு தெய்வத்தை வேண்டுகின்றனர். அதன்பின் குழந்தையை முன்னிலையாக்கிச் செங்கீரை ஆடுக, கை கொட்டுக, முத்தந் தருக, வருக என விளித்து வேண்டுதலே பாட்டின் உயிர். பாட்டியலார் கூறுந் திங்கட் கணக்கு தம்முட் சிறிது வேறுபடினும், ஐந்தாந் திங்களிற் செங்கீரையும் ஒன்பதாந் திங்களிற் சப்பாணியும் கூறுதல் பெருவழக்கு. ஒன்பதாந் திங்களில் ஒருவர் கை கொட்ட மற்றவர் கொட்டுகின்றார்; இருவர் இல்லாமற் சப்பாணி இல்லை. அம்புலிப் பருவத்தில் தாயும் சேயும் ஒரே நிலவை நோக்குகின்றனர். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை விளிக்கின்றனர். வருகைப் பருவத்தில் தளர்நடையிடும் பிள்ளையின் எதிரே இரு கையும் நீட்டி அழைக்கின்றாள் தாய். இன்று பிள்ளை முதலடி வைக்கும்போதும் எதிரே கை நீள்கின்றது. அக்கையிற் கருவி இருக்கின்றது. பிள்ளை அதனை நோக்கி நடக்கின்றது.

அந்தப் படம் அடுத்த நிமிடமே உறவினர்க்கு அனுப்பப்படுகின்றது. "அவன் இண்டைக்கு நடந்திட்டான்" என எழுதப்படுகின்றது. பத்துப் பேர் பாராட்டுகின்றனர். அப்பாராட்டுக்கெல்லாம் தாய் விடையெழுதுகின்றாள். நடந்தவனோ கீழே அமர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். முன்னிலையாயிருந்தவன் படர்க்கையாகிவிட்டான். அவன், இவன் முதலிய சுட்டுப்பெயர்கள் விளி ஏலா என்பது இலக்கணம். இவ்விதியைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு அக்குழந்தையின் நினைவே வருகின்றது.

இவ்வளவும் கூறியபின் நடுநிலையாகச் சில கூறவேண்டும். இக்கட்டுரையில் தாயையே மிகுதியும் எடுத்துக்காட்டினோம். அது பிள்ளையோடு மிகுதியாக இருப்பவள் அவளே என்பதனாலாம். தந்தையர் இதனை வாசித்து மனைவியரிடம் காட்டுவதற்காக எழுதவில்லை. பிள்ளை அழுது அடம்பிடிக்கப் பெற்றோர் களைத்துக் கைத்தொலைபேசியில் அடைக்கலம் புகுதலும், அதனாற் பிள்ளையின் அடம் மேலும் வளர்தலும் ஒன்றையொன்று பற்றிச் சுழல்வன என மக்டானியேல், ரடெஸ்கி என்போர் 2018 ஆம் ஆண்டிற் காட்டியுள்ளனர். கூட்டுக்குடும்பம் குலைந்து, அம்மம்மாவும் ஆச்சியும் அயலில் இல்லாத வீட்டில், பகல் முழுவதும் ஒரு குழந்தையோடு தனித்திருக்கும் இளந்தாய்க்கு அக்கருவி வழியாகவே வளர்ந்த மனிதரின் பேச்சு எட்டுகின்றது. அதனைப் பறித்துக்கொள்ள யாம் சொல்லோம்.

பழங்காலத்தைப் போற்றவும் யாம் முற்படவில்லை. எம் வயதினர் சிறுவராயிருந்த 1990 ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கடியிற் கதை கேட்டு வளர்ந்தோம் என்பது உண்மை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த பெற்றோரின் முகங்கள் திங்கட்கணக்கில் மரத்திருந்தன என்பதும் உண்மை. அசையா முகம் அன்றும் இருந்தது. அதற்குக் காரணம் அச்சமும் துயருமாயிருந்தன. அவற்றை விலக்கும் ஆற்றல் அவர்க்கு இல்லை. இன்றையது மேசைமேற் கவிழ்த்து வைக்கக்கூடிய காரணம்.

கடல் கடந்த பழைய மாணவர் பலர் இம்மலரை வாசிப்பர். அவர்க்கு இக்கருவியே குடும்பம். ரொறன்ரோவில் வேனிற்கால இரவு ஒன்பது மணிக்குத் தந்தை வேலை முடிந்து அழைக்கும்போது யாழ்ப்பாணத்திற் காலை ஆறரை. மகள் முன்பள்ளிக்குப் புறப்படுகின்றாள். அக்கால்மணி நேரமும் வீணோ? அன்று என விடை தரும் ஆய்வொன்று 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு வயது கடந்த குழந்தைகள் 36 பேருக்குப் புதிய வினைச்சொற்கள் மூவகையாகக் கற்பிக்கப்பட்டன: ஒருவகை நேரில், ஒருவகை திரைவழி உரையாடலில், ஒருவகை முன்னரே பதிவுசெய்த படத்தில். நேரிற் கற்றோரும் திரைவழி உரையாடிக் கற்றோரும் சொல்லை அறிந்தனர். பதிவுப்படம் பார்த்தோர் அறிந்திலர். திரை இரண்டிலும் இருந்தது. ஒன்றில் குழந்தைக்கு விடை வந்தது; மற்றதில் வரவில்லை. ஆதலின் தொலைவிலுள்ள தந்தை, "சாப்பிட்டியா? படிச்சியா?" என்னும் இரண்டு வினாவோடு நின்று, பின்னர்த் தாயோடு காணிக்கதை பேசத் தொடங்காமல், மகள் கீறிய படத்தைக் காட்டச் சொல்லி, "உது என்ன நிறம்?" என்று கேட்பாராயின், பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்தும் உகரச் சுட்டைக் கற்பித்தவராவார். அதே வேளையில் அடுத்த அறையில் இருந்துகொண்டு "ஓம், ஓம்" என்னும் தந்தை அதனைக் கற்பித்திலர்.

பேச்சுத் தாமதித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் எம்மிடம் வருவதுண்டு. குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாயிருந்து திருச்செந்தூரிற் பேசினார் என்னும் வரலாற்றை அவர்க்கு யாரோ கூறி ஆற்றியிருப்பர். அவ்வரலாற்றை யாமும் போற்றுகின்றோம். ஆயினும் அது காத்திருத்தற்குக் காரணமாகாது. பேச்சுத் தாமதத்துக்குச் செவிக்குறை முதலாகப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியின் தலையிற் சுமத்துதல் அறியாமை. ஐயம் தோன்றின் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் மருத்துவரிடமும் பிள்ளையை உடனே காட்டுக.

இனிச் செய்யத்தக்கது யாது? நாள் முழுவதும் கருவியை ஒழித்தல் ஆகாத காரியம். அதனைச் சொல்வோர் தாமே செய்வதில்லை. குழந்தைக்குச் சோறூட்டும் நேரமும், குளிப்பாட்டும் நேரமும், மாலை விளக்கேற்றியது முதல் உறங்கும்வரை உள்ள நேரமும் போதும். ஊட்டும்போது உள்ளங்கையிற் பருப்புக் கடைந்து விரல்தோறும் பங்கிட்டு முழங்கைவரை ஏறிக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு, சப்பாணிக்கு அடுத்த பாடம். அதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதே அதன் சிறப்பு. கருவியைக் கையிலெடுக்க வேண்டியபோது, "அம்மா இப்ப மாமாவுக்கு ஒரு செய்தி எழுதப்போறன், எழுதி முடிச்சிட்டு உன்ர புட்டைச் சாப்பிடுறன்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு எடுத்தல் நன்று. தாய் எங்கே போகின்றாள், எப்போது வருவாள் என்பது அப்போது பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு தடை வீட்டுக்கு வெளியே இருந்து வருகின்றது. 2020 ஆம் ஆண்டு பங்குனியிற் பாடசாலைகள் மூடப்பட்டபின் வட்ஸ்அப் வழியே வீட்டுவேலை அனுப்பும் வழக்கம் எங்கும் வந்தது. பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் பல கடந்தும் அது போகவில்லை. மூத்த பிள்ளையின் வீட்டுவேலையைப் பார்க்க மாலை ஏழு மணிக்குத் தாய் கைத்தொலைபேசியைத் திறக்கின்றாள். திறந்த கருவி அவளை எளிதில் விடுவதில்லை. இளைய பிள்ளை காத்திருக்கின்றது. ஆரம்பப் பிரிவு வீட்டுவேலையைப் பிள்ளையின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அனுப்பும் பழைய முறைக்கு மீளவேண்டும் என்றும், அதுவரை மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எச்செய்தியும் அனுப்பலாகாது என்றும் ஆசிரியர் கூட்டத்தில் யாம் முன்மொழிந்துள்ளோம். பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுக்களுக்கும் அவ்விரண்டு மணிநேரம் பொருந்துமா என்பதைச் சங்கத்தின் செயற்குழு தீர்மானிக்கட்டும். அக்குழுக்களிற் காலை வணக்கப் படங்கள் மாலையிலும் வருகின்றன.